நன்றியுரையில் வராத பெயர்

நீரேற்று நிலையத்தின் ஸ்டோர் கீப்பருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'நன்றியுரை'. நன்றியுரையிடம் இரண்டு வால்வு வாங்கி வா என்பார்கள், நன்றியுரைக்கு இன்று ஜலதோஷம் என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்த ஆண்டுவிழாவில் வரவேற்புரைக்கு மூன்று பேர் முட்டிக்கொண்டார்கள். நன்றியுரைக்கு மட்டும் ஒருவரும் இல்லை. புதிதாக வந்தவர் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். கட்டியது கட்டியதுதான், பத்தொன்பது வருடமாக இறங்கவில்லை. அவர் மைக்கைத் தொடுவதும் கூட்டம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சாப்பாட்டுக்குத் தனியாக மணி வாங்க வேண்டாம், நம்மிடம் இவர் இருக்கிறார் என்று எலக்ட்ரீஷியன் வருடம் தவறாமல் சொல்வார். வருடம் தவறாமல் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆனால் மனிதர் ஒரு வருடம்கூட அதை ஏனோதானோவென்று செய்ததில்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சின்ன நோட்டோடு சுற்ற ஆரம்பித்துவிடுவார். நாற்காலி கொடுத்தவர் யார், மேடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்தது யார், டம்ளர் கழுவப்போகிற அம்மாவின் முழுப்பெயர் என்ன, எல்லாம் கேட்டு எழுதுவார். பிறகு ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியில் அடுக்கிய பேரிங்குகளும் ரப்பர் வளையங்களும் சபையாக உட்கார்ந்திருக்க, வாய்விட்டுப் பேசிப் பார்ப்பார். வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அறுபது பெயர், பதினோரு நிமிடம். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த மனிதர் அடுத்த விழா வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார் என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவர், ஒரே ஒரு பெயரைத் தெரிந்தே விட்டுவந்தார். எழுதுவார், பிறகு தன் கையாலேயே கோடு போட்டு அடிப்பார். பம்ப் ஆபரேட்டரின் பெயர் அது. நன்றியுரையின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

நன்றியுரை முன்பு வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டபோது, கைக்குழந்தையோடு நின்ற தங்கை குடும்பத்தை இரண்டு அறை வீட்டில் ஒரு அறை ஒதுக்கி வைத்துக்கொண்டவர் அந்த மச்சான். தினமும் ஷிப்ட் முடிந்ததும் எண்ணெய்க் கறை போகாத சட்டையோடு பொறியாளர் அறை வாசலில் நின்று, ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்றதும் தங்கை கணவருக்காகப் பேசியவர். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டாதவர். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாலே உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். ஆண்டுவிழா அன்று எல்லோரும் கூடத்தில் இருக்க, பம்ப் நிற்கக் கூடாதே என்று எப்போதும் அவர்தான் டூட்டி பார்ப்பார். சாப்பாடு ஆறிப்போய், மூடி வைத்த பாத்திரத்தில் அவரைத் தேடி வரும்.

இந்த வருட ஆண்டுவிழா முடிந்து வீடு திரும்பியபோது மனைவி தட்டை நங்கென்று வைத்தாள். என்னவென்று நன்றியுரை கேட்டார்.

"டம்ளர் கழுவின அம்மா ஞாபகம் இருக்கு. கம்பளம் விரிச்சவரு ஞாபகம் இருக்கு. எங்கண்ணன் மட்டும் உங்களுக்கு யாரு?"

"நம்ம ஆளுக்கு நாமளே மேடையில நன்றி சொன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே. அண்ணி சொன்னாங்க. ரிடையர் ஆகப்போற வருஷம், இந்தத் தடவையாவது மாப்பிள்ளை நம்ம பேரைச் சொல்லுவாருன்னு அண்ணன் பம்ப் ரூம் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னாராம். பதினோரு நிமிஷமும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பத்தொன்பது வருடமும் மச்சான் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் கசிவு அடைக்கும் கயிறு வாங்க மச்சான் ஸ்டோருக்கு வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே உறவு சொல்லிக் கூப்பிடுகிறவர், "ரெண்டு மீட்டர் வேணும் ஸ்டோர் கீப்பர் சார்" என்றார். கோபமே இல்லை, மரியாதை மட்டும் இருந்தது. அடித்திருந்தால்கூட நன்றியுரை தாங்கியிருப்பார்.

பேசிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை பம்ப் அறைக்குப் போனார். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சைகை காட்டிவிட்டு மச்சான் அழுத்தமானியைத் துடைக்கப் போய்விட்டார். மாதக் கடைசியில் பணி ஓய்வு. பிறகு தொலைவில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடியேற்றம். தனக்குப் பிரிவு விழாவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்றும் தெரிந்தது. நடுவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கூட்டம், புதிய மேல்நிலைத் தொட்டியின் திறப்பு விழா.

இந்த முறை நன்றியுரை நோட்டை எடுத்துக்கொண்டு சுற்றினார், ஆனால் பேச்சில் அறுபது பெயரை வைக்கவில்லை. ஒரு பெரிய அட்டையில் அத்தனை பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மாட்டினார். வரிசையில் நிற்கிறவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். மேடைக்கு ஒரே ஒரு பெயர் போதும். அதைச் சொல்வதற்குத்தான் பேச்சு வரவில்லை. எட்டுத் தாள் எழுதினார். கருணைக் கடல், கற்பக விருட்சம் என்றெல்லாம் வந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது எங்கண்ணனே இல்லீங்க. யாரோ மந்திரி. நீங்க என்ன பண்ணீங்களோ அதைச் சொல்லுங்க, போதும்."

எட்டுத் தாள் அரைத் தாளானது.

விழா அன்று வழக்கம் போல அவர் எழுந்தார், வழக்கம் போல நாற்காலிகள் கிரீச்சிட்டன. சுருக்கமாக முடிக்கச் சொல்லிப் பொறியாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நன்றியுரை வணக்கம் சொல்லவில்லை. அவையோரே என்று அழைக்கவில்லை. விருந்தினருக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று முன்வரிசை நின்ற இடத்தில் நின்றது.

"இப்ப நீங்க சாப்பிட்டு கை கழுவுவீங்க. குழாயில தண்ணி வரும். பத்தொன்பது வருஷமா வருது. அது வரணும்னுதான் ஒருத்தர் இதுவரைக்கும் ஒரு விழாவுலகூட உக்காந்ததில்லை. ஒருநாளும் சூடா சாப்பிட்டதில்லை. இப்பவும் அந்தப் பம்ப் ரூம்ல நிக்கிறாரு." மச்சானின் முழுப்பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "வருஷா வருஷம் அவர் பேரை எழுதி, வருஷா வருஷம் நானே அடிச்சேன். ஏன்னா அவர் என் மச்சான். சொந்தக்காரனைப் புகழுறான்னு நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயம். நான் நடுத்தெருவுல நின்னப்ப, நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு அவர் பார்க்கலை. நான் பார்த்தேன். மச்சான், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க குடுத்த வேலையிலதான் இங்க நிக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். யாரும் கை தட்டவில்லை. நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் ஒரு தட்டில் முதல் சோற்றை வாங்கினார். அதை, விழாவுக்கு வந்திருந்த நன்றியுரையின் மனைவி கையில் கொடுத்து, ஆறுவதற்குள் கொண்டுபோகச் சொன்னார்.

புருஷனும் மனைவியுமாக வளாகத்தைக் கடந்தார்கள். அவர் இரண்டடி பின்னாலேயே வந்தார். ஊரறியப் பேசியாகிவிட்டது, இனி அந்த மனிதர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பம்ப் அறையில் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மச்சான் அவர்களுக்கு முதுகு காட்டி நின்று, எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது நெற்றியெல்லாம் கறுப்பு. தட்டைப் பார்த்தார், ஆவி பறப்பதைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தட்டை வாங்கி ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, நன்றியுரையின் தோளில் கையைப் போட்டார். மோட்டாரின் மேல் வைக்கிற அதே கனமான உள்ளங்கை.

"என் பேர் வந்தவரைக்கும் கேட்டுச்சு மாப்பிள்ளை," என்று காதருகில் கத்தினார். "அப்புறம் ரெண்டாம் நம்பர் மோட்டார் இரைய ஆரம்பிச்சிடுச்சு. பாதி போச்சு. திரும்ப ஒரு தடவை சொல்லுங்க."

"இங்கேயா மச்சான்?"

"பின்ன? எனக்குத்தானே சொன்னீங்க."

மூன்று மோட்டாரும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அரைத் தாளை மேடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார் நன்றியுரை. அது தேவைப்படவில்லை. மச்சானைச் சாப்பிட உட்கார வைத்து, எதிரே நின்று, கழுத்து நரம்பு புடைக்க, முதல் வரியிலிருந்து கத்திப் பேச ஆரம்பித்தார்.