வரிசையில் நிற்காத சிவப்பு

எங்கள் சாயப்பட்டறைக்கு ஒரு கல்லூரி இயற்பியல் வாத்தியார் வந்து, ஒரு கரண்டி சிவப்புச் சாயம் கேட்டார். கையில் கூலிங் கிளாஸ் போன்ற ஒரு கறுப்புத் தகடு. எதைப் பார்த்தாலும் அதைக் கண்முன் வைத்துத் திருப்புவார். டிவி திரைக்குள் இருப்பதுபோன்ற திரவப் படிகம் என்ற குழம்பில் சாயத்தைக் கரைத்து, தகட்டைத் திருப்பும்போது நிறம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று அளப்பாராம். சாய மூலக்கூறுகள் எவ்வளவு நேராக வரிசையில் நிற்கின்றன என்று அதில் தெரிந்துவிடுமாம்.

மறுவாரம் வாடிய முகத்தோடு வந்தார். "உங்க செவப்பு வரிசையிலயே நிக்க மாட்டேங்குதுங்க. எப்படித் திருப்புனாலும் ஒரே நெறமுங்க."

பள்ளிக்கூடத்தில் என் மகனைப் பற்றிப் புகார் சொன்னதுபோல் எனக்குக் கூசியது. "நீலம் கொண்டுபோங்க சார். அது சொன்னபடி கேக்குமுங்க," என்றேன்.

நாலாம் நாள் போனில் கத்தினார். "நிக்குதுங்க! நேரா நிக்குதுங்க!"

"சந்தோசமுங்க. நின்னு என்னங்க பண்ணும்?"

"நிக்குமுங்க," என்றார்.

அன்று வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். இதில் என்ன பெருமை என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை.