ஐந்தாவது வரி

பேத்துப்பாறையில் எங்களுக்குப் பூண்டு வெள்ளாமை. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் என்று ஒரு பாஷை சொல்லித் தருகிறார்கள். ஒரு சாயங்காலம் நான் பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தபோது நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். எது பிரியம் என்று ஐந்து வரி எழுத வேண்டுமாம். ப்ரெஃபெரிர் என்பது அதற்கான சொல். நான் என்று சொல்லும்போது நடுவில் உடைந்து ப்ரெஃபியெரோ ஆகிவிடுமாம்.

"ஒனக்கு எதும்மா பிரியம், காப்பியா, டீயா?"

"எது இருக்கோ அது."

"அப்படி எழுத முடியாது. ஒண்ணச் சொல்லு."

"ஆறிப்போகாதது."

சிரித்துக்கொண்டே காப்பி என்று எழுதினாள். அப்பாவுக்கு, தம்பிக்கு, எங்கள் பசுவுக்குக்கூட ஒவ்வொரு வரி. ஐந்தாவதைத் தனக்காக எழுதி வாசித்தாள்: "ப்ரெஃபியெரோ எல் பெலோ லார்கோ."

"அப்படின்னா?"

அவள் கை பின்னலைப் பிடித்துக்கொண்டது.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் அவள் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் அவள் முடியை இறக்குகிறேன் என்று பழனி ஆண்டவரிடம் வேண்டியிருந்தேன். அதைத் தீர்க்க இந்த வாரம்தான் பழனிக்குப் போவதாக இருந்தது.

"முடியைப் பத்தியாடி?"

"நீளமா இருந்தாத்தான் எனக்குப் பிரியம்னு எழுதியிருக்கேன். நீ என்னைக் கேக்கவே இல்லையேம்மா."

"சாமிகிட்ட வேண்டுறதுக்கு ஒன்னய என்னடி கேக்குறது? நீ கெடந்த கெடைக்கு யாரைக் கேக்க?"

அதட்டிவிட்டேன். ஆனாலும் அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமிக்குச் சொன்ன சொல் ஒரு பக்கம், பிள்ளையின் கை பின்னலைப் பிடித்தது ஒரு பக்கம். பழனி பஸ்ஸில் மலை இறங்கும் வரை முருகா முருகா என்றே வந்தேன்.

முடி எடுக்கிற இடத்தில் எங்கள் முறை வந்தது.

"மொட்டையா, பூமுடியாம்மா?" என்றார் முடி எடுப்பவர்.

"பூமுடி போதுங்க. நுனியில கொஞ்சம் எடுங்க" என்றேன்.

மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

"முழுசா எடுத்துருங்கண்ணே. இல்லன்னா எங்கம்மா இனித் தூங்காது."

தடுக்க நினைத்தேன். தடுக்கவில்லை. பின்னல் அப்படியே தரையில் விழுந்தது. உச்சியில் சந்தனம் பூசும்போதுகூட அவள் அழவில்லை.

திரும்பும் பஸ்ஸில், "மனசோடதான் குடுத்தியா, தாயி?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, எத்தனையாவது வரி என்று மட்டும் தெரியும். ஐந்தாவதை அவள் அடித்திருக்கவில்லை. ஐந்துக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்கள்.

நேர்ந்தது தீர்ந்தது என்று விளக்கேற்றினேன். கை கூப்பிய பிறகு, ஆண்டவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முடியை அவள் எனக்கல்லவா கொடுத்தாள்.