தட்டு அளவு முத்திரை

மர்பி டவுன் மார்க்கெட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பள்ளியில் இன்னும் இரண்டு பீரியட் பாக்கி இருந்தது. கக்கத்தில் சுருட்டிய படம். வீட்டுக்குப் போகவில்லை, சித்தி வேலை செய்த தபால் ஆபீசுக்குப் போனேன். பிறகு எத்தனையோ இடங்களிலிருந்து இப்படிச் சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். அதுதான் முதல் தடவை.

அப்போது எனக்குப் பத்து வயது. பல நாட்டு வீரர்கள் வரும் ஓட்டப்பந்தயம் ஒன்று பெங்களூரில் நடக்கவிருந்தது. அதற்கான நினைவுத் தபால்தலையை வரைய பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கும் படம் நிஜமான தபால்தலையாக அச்சாகும். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு படம்தான் போகும். அது என்னுடையதாக இருக்க வேண்டுமே என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா இறந்த பிறகு வீட்டில் சித்தியும் நானும்தான். சித்திக்குத் தினக்கூலி வேலை, கடிதங்களின் தபால்தலை மேல் முத்திரை குத்துவது. நான் தாளின் நடுவில் ஓட்டக்காரியை வரைந்திருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

“நடுவுலயா நிக்க வெப்பே? குத்துனா மூஞ்சியே போயிடும்டா. தெனம் நான் எத்தினி பெரிய மனுசங்க மூஞ்சியில குத்துறேன் தெரியுமா? இந்தப் பொண்ணாவது தப்பிச்சுக்கட்டும்.”

தபால்தலையில் முத்திரை எவ்வளவு இடத்தை அடைக்குமோ, பெரிய தாளில் அந்த அளவுக்கு நாங்கள் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு சரியாக இருந்தது. சித்தி அதைப் புதுத் தாள் ஒன்றின் இடது பக்கம் கவிழ்த்து, சுற்றிப் பென்சில் கோடு போட்டாள். வட்டத்துக்குள் எதுவும் வரக் கூடாது. ஓட்டக்காரி வலது மேல் மூலைக்கு ஒதுங்கினாள். மீதி முழுக்க வானம். போட்டிக்குத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிய ஜெராக்ஸ் ஒன்றும் கேட்டிருந்தார்கள், அதையும் எடுத்துப் படத்தோடு வைத்தோம்.

ஓவிய ஆசிரியர் படத்தை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார்.

“ஓடுற பொண்ணாடா இது? பல்லி மாதிரி மூலையில ஒட்டிக்கினு இருக்கு. மீதிய யாரு வரைவா, உங்க தாத்தாவா?”

வகுப்பே சிரித்தது. வேறொருவன் படம் தேர்வானது. நான் பள்ளியை விட்டு வெளியேறினேன்.

தபால் ஆபீசின் பின்கதவுக்குச் சித்தி மை படிந்த கையோடு வந்து, நான் அழுது முடிக்கும்வரை கேட்டாள். உள்ளே கூட்டிப்போய், ஜெராக்ஸை வெட்டி ஒரு வெற்று உறையில் கோந்து தடவி ஒட்டினாள்.

“பல்லியாமே பல்லி! இப்போ பாரு.”

முத்திரையை ஓங்கிக் குத்தினாள். கறுப்பு வட்டம் வானத்தில் விழுந்தது. ஓட்டக்காரியின் மூக்கில் ஒரு பொட்டு மை இல்லை. இருவரும் சத்தமாகச் சிரித்தோம்.

சிரிப்பைக் கேட்டு அதிகாரி வந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலித் தபால்தலைக்கு அரசாங்க முத்திரையா என்று கேட்டார். “தப்பாயித்து சார்” என்று சித்தி கன்னடத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் குரலை உயர்த்தவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சித்திக்கு லீவு கிடைத்துவிட்டது என்று வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன். பஜ்ஜி வாங்கித் தந்தாள். அவள் தின்னவில்லை.

மறுநாள் காலை, புத்தகப்பையை எடுக்க வேண்டாம் என்றாள். ஜீவனஹள்ளியில் ஒரு மாவுக்கடைக்குக் கூட்டிப்போனாள். அரைத்த இட்லி மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக் கட்டுவது என் வேலை.

“லீவு உனக்குத்தானே சித்தி, நான் ஏன் வேலைக்கு வரணும்?”

கடைக்காரர் சிரித்தார். சித்தி என் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள்.

“மாவு பட்டுடும்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு, தனக்கு வேலை தேடிப் போனாள்.