குழிக்கு முதுகு காட்டி எடுத்த படங்கள்

மகள் கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்த சிப்பியைக் கழுவி என் கையில் வைத்தபோது, அரியலூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டும்போதெல்லாம் புரண்டு வந்த, கல்லாகிப்போன சிப்பிகளின் கனம் நினைவுக்கு வந்தது. எந்தக் காலத்திலோ கடலாக இருந்த அந்த மண்ணைத்தான் எழுபதுகளில் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டினார்கள். மதிய வெடிச் சத்தத்தில் அடுக்களைப் பாத்திரங்கள் கிணுகிணுக்க, குழி வருஷா வருஷம் எங்கள் வீட்டை நோக்கி நகர்ந்து வந்தது.

அப்பாவின் சிநேகிதர், லப்பைக்குடிக்காட்டு உதுமான் மாமா, துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் கேமராவோடு எங்கள் வீட்டுக்கு வருவார். நிலம் முழுவதும் போவதற்குள் அதைப் படமெடுத்து வைத்துவிட வேண்டுமென்று அப்பாவுக்கு ஆசை. அம்மாவுக்கோ குழி கண்ணிலேயே படக் கூடாது. "அண்ணே, படத்துல குழி வுழாம எடுங்க" என்பாள். அதனால் நாங்கள் வீட்டுச் சுவரோரம் நிற்க, மாமா குழியின் விளிம்பில் அதற்கு முதுகு காட்டி நின்று எடுப்பார்.

முதல் படத்தில், விரிந்து கிடக்கும் கடலைச் செடிகளுக்கு அப்பால் நாங்கள் எறும்பளவில் நிற்கிறோம். பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் செடிகள் குறைந்தன, நாங்கள் பெரிதானோம்.

கடைசித் தடவை, "பின்னால போவ எடமில்ல தங்கச்சி, இவ்ளோதான் வரும்" என்றார் மாமா.

அந்தப் படத்தில் ஒரு பிடி மண்கூட இல்லை.

"இதுலதான் எல்லாரு மொகமும் நல்லா தெரியுது" என்றாள் அம்மா. அப்பா படத்தை வாங்கித் திருப்பி, அதன் வெறும் வெள்ளைப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.