பீங்கான் பறவைக்கு வந்த காய்ச்சல்

பறவைக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் அலறிய வருடம் அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் நான் அச்சு வார்த்துக்கொண்டிருந்தேன். விரிசல் விட்ட வெள்ளைக் கடல்காகப் பொம்மைகளைச் சூளைக்குப் பின்னால் கொட்டி வைத்திருந்தோம். பெண்ணாடம் ரோட்டில் போனவர்கள், வெள்ளைப் பறவைகள் செத்துக் கிடப்பதாகப் போன் செய்துவிட்டார்கள்.

கால்நடைத் துறைக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள். முகமூடி, முழங்கை வரை கையுறை, ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர். எதையும் தொடுவதற்கு முன் எண்ணிவிடுவது அவருக்கு வழக்கம் போலிருக்கிறது. விரல் மடக்கிப் பதினேழு வரை எண்ணினார். பிறகு நீளக் குச்சியால் ஒன்றைப் புரட்டினார். டங்கென்றது.

"சார், இதுக்குக் காய்ச்சல் ஆயிரம் டிகிரியத் தாண்டிடுச்சுங்க" என்றேன். பட்டறையே சிரித்தது. முகமூடியை இறக்கிவிட்டு அவரும் சிரித்தார்.

"இந்தப் பறவைய நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க. அச்சுலதான்."

"நானும் பாத்ததில்ல. மண்ணுப் பறவைக்கே மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. நடுக்கடல் தீவுல குஞ்சும் முட்டையுமா ஆயிரக்கணக்குல இருக்குதுங்களாம். அங்க நெஜமாவே காய்ச்சல் வந்து செத்துச்சுன்னா, யாருங்க போன் பண்ணுவாங்க?"

அவர் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்து, "போயிட்டு வரேங்க" என்று கிளம்பிவிட்டார்.

இன்றும் கடல்காகத்தை அச்சிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வேன். போன் செய்து விசாரிக்க, அந்தத் தீவுகளில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையே.