மாமி விரித்த வெள்ளைத் துணி

மாமாவின் பழைய வேட்டியை மாமி நான்காகக் கிழித்தார். ஒரு துண்டை விறாந்தையில் விரித்து, அதன்மேல் ராசாவைப் படுக்க வைத்தார். சிவப்புச் சீமெந்தில் இரத்தம் சரியாகத் தெரியாது என்பதுதான் காரணம். ராசா அவர்களுடைய வயதான கடுவன் நாய். இரண்டொரு நாளாக அது படுத்தெழும்பிய இடமெல்லாம் சின்னச் சின்னப் பொட்டாக இரத்தம். கடற்கரையில் சிப்பி காலை வெட்டியிருக்கும் என்றார் மாமா. வேலணையில் எந்த நாய்க்கு இரத்தம் கண்டாலும் பழி சிப்பிமேல்தான். மாமி நான்கு பாதங்களையும் விரல் விரலாக விரித்துப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. பிறகு துணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ராசா முற்றத்துக்குப் போனால் பின்னாலேயே போய் அது சிறுநீர் கழிப்பதையும் பார்த்தார்.

"எங்கையிருந்து வருதெண்டு தெரியாத ரத்தத்தை நாளைக்குப் பாப்பமெண்டு விடப்படாது" என்றார். அதற்கு முன்பிருந்த நாய் சிறுநீர் போகாமல் முக்கிக்கொண்டு நின்றபோது, உடம்புச் சூடு என்று இளநீர் பருக்கிய வீடு அது. அந்த நாய் மறுநாளே செத்துப்போனது. மாமி அதை மறக்கவில்லை.

ராசாவையும் ஏற்றிக்கொண்டு மாமாவும் மாமியும் நானும் ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் போனோம். மிருக வைத்தியர் ஓர் இளம்பெண். அவரைக் கண்டதும் மாமாவுக்கு வெட்கம் பிடித்துக்கொண்டது. "காலிலை ஏதோ கீறுப்பட்டிருக்கு, டொக்டர்" என்றார். வைத்தியர் காலைப் பிடிக்கக் குனிந்தார்.

"கால் இல்லை, டொக்டர். ஆண்குறியிலையிருந்து சொட்டுது. சலத்தோடையும் வருது, சும்மா படுத்திருக்கேக்கையும் வருது" என்று மாமி துணியை விரித்துக் காட்டினார். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மாமியை எனக்கு எப்போதுமே பிடிக்கும்; அன்று கும்பிடலாம் போலிருந்தது.

ஸ்கான் செய்து பார்த்தார்கள். வயதுபோன கடுவன்களுக்குச் சிறுநீர் தேங்கும் சலப்பையின் அடியிலுள்ள சுரப்பி வீங்குவதுண்டு, விதையை எடுத்து நலமடித்தால் பெரும்பாலும் சுகமாகிவிடும் என்றார் வைத்தியர். மனிதருக்கும் அந்தச் சுரப்பி இருக்கிறது என்று சிரித்தபடி சொன்னார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு திரும்பினோம். பண்ணைப் பாலத்தில் பாதி வந்திருப்போம். கடலைப் பார்த்தபடியே மாமா மெல்லச் சொன்னார்: "எனக்கும் கொஞ்ச நாளாய்ச் சலத்தோடை ரத்தம் போகுது."

மாமி சாரதியின் தோளில் தட்டினார். "தம்பி, ஓட்டோவைத் திருப்பும். பெரியாஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் ராசாவை மடியில் வைத்துக்கொண்டு நான் ஓட்டோவுக்குள் காத்திருந்தேன். உள்ளேயும் மாமிதான் பேசியிருப்பார். மாமாவுக்கு வந்திருந்தது புற்றுநோய். பரவ முன்னரே பிடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் வெட்கப்பட்டிருந்தால் மாமா எங்களுக்கு இல்லை.

மாமா பிழைத்தார், ராசாவும் பிழைத்தது. மாமிதான் போன வருடம் ஒரு மத்தியானம் நெஞ்சு நோகுது என்று படுத்தவர், எழும்பவில்லை.

போன மாதம் வேலணைக்குப் போயிருந்தேன். விறாந்தையில் அந்த வெள்ளைத் துணி, தோய்த்து விரித்தபடி. அதன்மேல் காது கேளாத ராசா நித்திரை. பக்கத்துக் கதிரையில் மாமா. அடுத்த வீட்டு அக்கா தேத்தண்ணியோடு வந்து நின்றார். நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளை, ரண்டு பேருக்கும் ஒரு குறையுமில்லை. சலம் தெளிவாய்ப் போகுது" என்றார் மாமா. குரலைத் தாழ்த்தவேயில்லை.