தக்காளித் தொட்டியில் சேறு

வாழ்க்கையில் முதன்முதலாக நான் போட்ட தக்காளி நாற்று மஞ்சளாகித் தலை தொங்கிவிட்டது. காலையில் தொட்டியோடு நர்சரிக்கு ஓடினேன்.

கடைக்காரர் மண்ணில் விரலை விட்டார். "ஏனுங்க, தக்காளி போட்டீங்களா, நெல்லுப் போட்டீங்களா? சேறா இருக்குதுங்க."

"தெனம் அரை டம்ளர்தானுங்க ஊத்தறேன்."

"அப்ப வேற யாரோ ஊத்தறாங்க. தண்ணிய நிறுத்துனா பொழச்சுக்கும்."

வீட்டுக்கு வந்து தொட்டியை வழக்கம்போல வாசலோரம் வைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே, கொடுத்தேன். வேண்டாமென்றால் மரியாதையில்லை என்று இரண்டு மடக்குக் குடித்தார். மீதியைத் தொட்டியில் ஊற்றினார்.

கல்யாணப் பத்திரிகை வைக்கும் மாசம் இது. இந்த வாரம் வந்து இப்படி மீதியை ஊற்றிப் போனவர்கள் எத்தனை பேரோ!

ஊற்றாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? தொட்டியை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் மறுபடி வந்தார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, டம்ளரோடு வாசலைச் சுற்றிப் பார்த்தார். "செடி எங்கீங்க?"

"மாடில இருக்குதுங்க."

"அப்படீங்களா" என்று டம்ளரோடு படியேறிவிட்டார்.

பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இதைத் தட்டுகிறேன். நம் மின்னஞ்சல் குழுவில் யார் கோயமுத்தூர் வந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். தண்ணீர் உண்டு.

இரண்டு மடக்குதான்.